சாக்கர் எய்ட்: பந்தின் மீது ஒரு கண், உண்டியலின் மீது ஒரு கண்

குழந்தைகளுக்காக நிதி திரட்டப் பிரபலங்கள் ஆடும் கால்பந்து ஆட்டம் என்றாலே, மூச்சு வாங்கும் நடிகர்கள் நான்கு பேர் பந்தைத் துரத்துவதும், கூட்டம் இரக்கப்பட்டுக் கைதட்டுவதுமாகத்தான் இருக்கும் என்ற நினைப்போடுதான் சாக்கர் எய்ட் ஆட்டத்தை முதன்முறை பார்க்க உட்கார்ந்தேன். யுனிசெப் அமைப்புக்காகப் பிரிட்டனில் நடத்தப்படும் இந்த ஆட்டத்தைப் பல முறை பார்த்துவிட்ட பிறகு, அந்த நினைப்பில் பாதிதான் உண்மை என்று சொல்லத் தோன்றுகிறது.

பாடகர் ராபி வில்லியம்ஸும் அவருடைய நண்பர் ஜோனத்தன் வில்க்ஸும் தொடங்கிய இந்த ஆட்டம், 2006ஆம் ஆண்டு மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் முதன்முதலாக நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்து அணி, மறுபக்கம் பிற நாட்டவர்களைக் கொண்ட உலக அணி. இரண்டிலும் ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்களோடு நடிகர்களும் பாடகர்களும் கலந்திருப்பார்கள். மரடோனாவே களமிறங்கிய அந்த முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 2-1 என வென்றது.

இந்தக் கலப்பில்தான் ஆட்டத்தின் சுவை இருக்கிறது. உயரே வரும் பந்தை முன்னாள் வீரர் ஒருவர் நெஞ்சில் தாங்கி, தலை நிமிராமலேயே அடுத்தவர் காலுக்குத் தள்ளிவிடுவார். அதை வாங்கும் நடிகரோ, பந்தை அடக்குவதற்கே மூன்று முறை கால் வைத்து, அதற்குள் எதிரணியினர் இருவர் நடுவே சிக்கிக்கொள்வார். உடம்பு தளர்ந்தாலும் கால் மறப்பதில்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறில்லை. 2025ஆம் ஆண்டு உலக அணி 5-4 என வென்ற ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவேஸ் மட்டும் நான்கு கோல் அடித்தார். தொண்டு ஆட்டம்தானே என்று அவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பிடித்ததும் அந்த முரட்டுத்தனம்தான். வேடிக்கைக்காக ஒருவர் வேண்டுமென்றே தடுக்கி விழும்போது வராத பதைப்பு, ஆட்டம் சமனாகிப் பெனால்டிக்குப் போகும்போது வருகிறது. 2010இல் 2-2 எனச் சமனான ஆட்டத்தில், உலக அணியின் வெற்றிப் பெனால்டியை அடித்தவர் ஹாலிவுட் நடிகர் வுடி ஹாரல்சன் என்பதை இன்றும் பலர் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள்.

ஒளிபரப்பைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. பேச்சு அதிகம், மாற்று ஆட்டக்காரர்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பதால், இரண்டாம் பாதியில் யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதே பிடிபடுவதில்லை.

ஆனால் உண்டியல் நிறைவதும் அந்த ஒளிபரப்பால்தான். பெருந்தொற்றுக் காலமான 2020இல், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத வெற்று மைதானத்தில் ஆட்டம் நடந்தபோதும், திரண்ட தொகை 9 மில்லியன் பவுண்டைத் தாண்டி, அரங்கில் கூட்டம் இருந்த முந்தைய ஆண்டின் தொகையை விஞ்சியது. வாயிலில் விற்கும் சீட்டைவிட வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசிதான் பெரிய வரவு என்பது அன்று தெளிவானது. மக்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஈடாக இன்னொரு பவுண்டை அரசோ அறக்கட்டளையோ குறிப்பிட்ட வரம்புவரை சேர்த்துத் தரும் ஏற்பாடும் பல ஆண்டுகளில் இருந்திருக்கிறது. 2006 முதல் 2025 வரை சேர்ந்த மொத்தம் 121 மில்லியன் பவுண்டுக்கு மேல்.

அந்தப் பணம் எதுவாக மாறுகிறது என்பதை விளக்க ஒரு நாடாவும் ஒரு சிறு பொட்டலமுமே போதும். குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ணக் கோடிட்ட நாடா அது. ஐந்து வயதுக்குட்பட்ட, ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குச் சுற்றளவு 11.5 செண்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது சிவப்பைக் காட்டும், அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. பொட்டலத்தில் இருப்பது வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய் இவற்றோடு சத்துகள் சேர்த்த பசை. 92 கிராமில் ஏறத்தாழ 500 கலோரி. சமைக்கவும் வேண்டாம், தண்ணீர் கலக்கவும் வேண்டாம் என்பதால், கிணற்று நீரை நம்ப முடியாத இடத்திலும் தாய் வீட்டிலேயே பிள்ளைக்குப் பிதுக்கிக் கொடுக்கலாம். நட்சத்திரங்களின் பேட்டிகளில் இரண்டைக் குறைத்து, சென்ற ஆண்டுப் பணத்தில் இப்படி எத்தனை பொட்டலங்கள் எந்த நாட்டுக்குப் போயின என்பதை அந்த நேரத்தில் நிதானமாகச் சொன்னால், நன்கொடை எண்ணைத் திரையில் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியிருக்காது என்பது என் கருத்து.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர், யூடியூபில் கட்டணமின்றிக் கிடைக்கும் சைட்மென் என்ற பிரிட்டன் யூடியூபர் குழுவினரின் தொண்டு ஆட்டத்தைப் பார்க்கலாம். 2025 மார்ச்சில் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த அவர்களுடைய ஆட்டம் 9-9 எனச் சமனாகிப் பெனால்டியில் முடிந்தது, திரண்ட 4.7 மில்லியன் பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் ஒரு பங்கு பிபிசியின் சில்ட்ரன் இன் நீட் அமைப்புக்கும் போனது. பதினெட்டு கோல் விழும் ஆட்டத்தில் தற்காப்பு என்ற ஒன்றைத் தேடக்கூடாது. இளையவர்களுக்கு அது பிடிக்கும். பந்து காலுக்குக் கால் மாறும் அழகைப் பார்க்க உட்காருபவருக்கு சாக்கர் எய்ட்தான். அதிலும் முன்னுரைப் பேச்சைத் தவிர்த்துவிட்டு, நடுவர் ஊதல் ஊதும் நேரத்துக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் போதும்.