ஸ்காபரோத் தரைக்கு யாழ்ப்பாண முதிரையா, கடை ஓக்கா?

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த தங்கச்சி, என் பட்டறை மூலையில் சாத்தி வைத்திருந்த பழைய வீட்டு வாசல் நிலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றாள். அம்மா வாசலில் குந்தியிருந்து அரிசி புடைக்கும்போது முதுகு சாய்க்கும் நிலை அது. "அண்ணை, இதிலை எங்கட ஸ்காபரோ வீட்டு வென்ட்டுக்கு மூடி செய்து தாங்கோ. நிலமெல்லாம் ஓக் பலகை போட்டிட்டம், அந்தத் தகர மூடிதான் கண்ணைக் குத்துது" என்றாள்.

இங்கே காற்று வர யன்னலுக்கு மேலே துவாரம் விடுகிறோம். அங்கே, கனடாவில் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில், நிலக்கீழ் அறையில் ஃபேர்னஸ் என்ற சூடேற்றும் இயந்திரம் ஓடி, சூடான காற்று தகரக் குழாய் வழியே ஒவ்வோர் அறைத் தரையிலும் வந்து ஏறுகிறது. அந்த வாயை மூடும் கிறாதியைத்தான் தங்கச்சி கேட்டாள். அந்த வேலையில் நான் பிழைவிட்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மரம் அறுத்துக் கொடுக்கும் மற்றத் தச்சர்களும், "ஊர் மரத்திலை செய்தால் என்ன?" என்று யோசிப்பவர்களும் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

முதலில் தகர மூடியின் பக்கம் ஒரு சொல். மெல்லிய தகட்டில் அடித்த கிறாதி என்பதால் காற்றை அதிகம் மறிக்காது. மரச் சட்டம் எப்படியும் தடிப்பு. திறந்த பரப்பு குறையும். ஓர் அறை ஏற்கெனவே குளிராகக் கிடக்கிறது என்றால், அந்த அறைக்குத் தகரத்தையே விட்டுவிடச் சொல்வேன்.

மர மூடியில் இரண்டு வகை. ஒன்று, துவாரத்துக்குள் இறக்கி வைப்பது. விளிம்பு தரைக்கு மேலே ஏறி நிற்கும். எப்போதும் தூக்கி எடுக்கலாம், பழைய தரைக்கும் பொருந்தும். மற்றது தரை மட்டத்தோடு சேர்ந்தது. இதில் வெளிச்சட்டத்தைப் பலகை பதிக்கும்போதே பலகையோடு பலகையாகப் பதித்துவிடுவார்கள். நடுக் கிறாதி மட்டும் கழன்று வரும். கால் தட்டாது, கூட்டும்போது விளக்குமாறு சிக்காது. பொலிஷ் இல்லாமல் வாங்கிப் பதித்தால் தரையோடு சேர்த்துத் தேய்த்து ஒரே பூச்சு அடிக்கலாம், நிறமும் ஒன்றாகவே வரும். அழகு என்று கேட்டால் இதற்கு ஈடு வேறில்லை. ஆனால் பலகையின் தடிப்பைப் பார்த்து வாங்கவேண்டும். முழு மரப் பலகை பெரும்பாலும் முக்கால் அங்குலம். ஒட்டுப் பலகை அரை அங்குலமாகவோ அதிலும் மெல்லியதாகவோ இருக்கலாம். தரை ஏற்கெனவே போட்டு முடிந்துவிட்டால் பலகையை வெட்டித்தான் சட்டம் பதிக்கமுடியும். அதற்கு நல்ல கைகாரன் வேண்டும்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 4×10, 4×12 என்று கடையில் சொல்வது குழாய் வாயின் அளவு. பழைய மூடியின் வெளி விளிம்பை அளந்துகொண்டு போனால் வாங்கிவந்த மூடி துவாரத்துக்குள் இறங்காது. மூடியைத் தூக்கி, வெறும் துவாரத்துக்குள் நாடா பிடித்து அளக்கவேண்டும்.

இனி மரம். தங்கச்சி வீட்டுத் தரை சிவப்பு ஓக். வரி பெரிசு, துளை திறந்த மரம், இளஞ்சிவப்புச் சாயல். எங்கள் நிலையோ முதிரை. சீவுளி ஓடினால் உள்ளே மஞ்சளாக, சாய்த்துப் பிடித்தால் பட்டுச் சேலை மாதிரி மினுங்கும். அடர்த்தி கூடிய மரம், குதிக்கால் பட்டும் அசையாது. அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் நான் தொடுவதில்லை. ஓக்கின் பக்கத்தில் வைத்தால் நிறம் பொருந்தாது. மாறுபட்டுத் தெரியட்டும் என்று நினைத்துச் செய்தால் மட்டுமே அழகு.

தேக்கு வெள்ளை ஓக் தரைக்கு ஓரளவு கிட்ட வரும். சுருக்கமும் குறைவு. அதில் எண்ணெய்த்தன்மை இருப்பதால், தின்னரால் துடைக்காமல் பூச்சு அடித்தால் பிடிக்காது. வேம்பு சிவந்த மரம், சிவப்பாகப் பூசிய தரைக்கு ஒத்துப்போகும். வரி மாறி மாறி ஓடுவதால் சீவும்போது பிய்யும். பனையில் செய்யச் சொல்லி ஆசையோடு கேட்பவர்கள் உண்டு. கறுப்பு நார்க்கோடு பார்க்க எவ்வளவு அழகென்று எனக்கும் தெரியும். கூரை வளைக்கும் கூரைச் சிலாகைக்கும் அதைவிட நல்ல மரம் இங்கே இல்லை. ஆனால் மெல்லிய சட்டமாக அறுத்தால் நார் பிரிந்து சிலாம்பு ஏறும். வெறுங்காலோடு நடக்கும் எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் பாதத்துக்குக் கீழே அதை வைக்க எனக்கு மனம் வராது.

நான் முதிரையில் இரண்டு மூடி செய்து கொடுத்தேன், இறக்கி வைக்கும் வகை. மூலைகளைச் சாய்வெட்டாக, அதாவது இரண்டு நுனியையும் சரித்து வெட்டி, முடி நுழைய இடமில்லாமல் பொருத்தினேன். தங்கச்சி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனாள். தை மாதம் படம் அனுப்பினாள். நாலு மூலையும் உட்பக்கம் ஆணித் தடிப்புக்குத் திறந்து கிடந்தன. மிதித்தால் கடகடவென்று ஆடுதாம்.

எண்பது வருடம் காய்ந்த மரம் எப்படிச் சுருங்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். வயதில் பிழையில்லை; மரம் எப்போதும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமமாகிக்கொண்டே இருக்கும். எங்கள் கடற்காற்றில் எத்தனை வருடம் கிடந்தாலும் மரத்துக்குள் 14, 15 சதவீத ஈரம் நிற்கும். ரொறன்ரோவில் மாரிகாலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதன் 30 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அங்கே மரம் 6 சதவீதத்துக்குக் கிட்டப் போய்விடும். நீளவாக்கில் மரம் அசையாது, அகலவாக்கில்தான் ஒடுங்கும். ஐந்தரை அங்குல அகலத் தேக்குத் துண்டே அந்த மாற்றத்தில் 2 மில்லிமீற்றர் அளவு சுருங்கும். அதுவும் வென்ட் மூடிக்கு நேர் கீழிருந்து சூட்டுக்காற்று அடிக்கிறது. வீட்டில் வேறெந்த மரச்சாமானுக்கும் இப்படி ஒரு சோதனை இல்லை.

கடை ஓக் இந்த இடத்தில் வெல்கிறது. அது சூளையில் காய்ச்சி, அந்த நாட்டு வீட்டுக் காற்றுக்கு ஏற்ற ஈரத்தில் வருகிறது. தரையும் அதே மரம் என்பதால் இரண்டும் சேர்ந்தே சுருங்கி, சேர்ந்தே விரியும். ஆகவே கூடத்துக்கும் சாப்பாட்டறைக்கும், தரை மட்டத்தோடு பதிப்பதாக இருந்தால், தரைப் பலகையின் அதே இன ஓக்கைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். ஊர்ப் பாசத்தை அங்கே கொண்டுபோய்ப் பதிக்கவேண்டாம், பிள்ளை என்று அவளுக்கும் சொன்னேன்.

பூச்சைப் பற்றியும் ஒன்று. தங்கச்சி போன மாரியில் வேப்பம்பூ வடகத்தைத் தட்டில் பரப்பி வென்ட்டுக்கு மேலே காயவைத்தாளாம். நல்லாய்க் காய்ந்தது, தட்டில் தடவியிருந்த எண்ணெய் மட்டும் விளிம்பால் வழிந்து பூச்சில்லாத அடிப்பக்கம் போய்க் கறுத்துவிட்டது. மூடியின் மேலே அடிக்கும் பூச்சைக் கீழேயும் சட்டங்களின் இடுக்கிலும் அடித்தால் கறையும் ஏறாது, ஈரமும் மெதுவாகத்தான் மாறும்.

சாமியறைக்கு மட்டும் அவள் முதிரையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. இம்முறை செய்து அனுப்பாமல் அறுத்து மட்டும் அனுப்புகிறேன். ஒவ்வொரு துண்டும் வேண்டியதைவிடக் கால் அங்குலம் கூட. உளுத்துளை உள்ள பக்கத்தை முழுக்கக் கழித்துவிட்டேன், பட்டையும் இல்லை. இறங்கும்போது மரம் கொண்டுவருவதை விமான நிலையத்தில் அறிவிக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே போனதும் சாமியறை மூலையில், சூட்டுக்காற்று நேரே படாமல், இடையில் குச்சி வைத்து அடுக்கி ஒரு முழு மாரி கிடக்கட்டும். பங்குனியில் மருமகன் அளந்து வெட்டிப் பூட்டுவான். சாய்வெட்டு வேண்டாம், ஒரு துண்டின் கழுந்தை மற்றத் துண்டின் துளைக்குள் செருகி நேர்மூலையாகப் பூட்டு என்று காகிதத்தில் கீறிக் கொடுத்திருக்கிறேன். நிலையில் அம்மாவின் முதுகு பட்டுப்பட்டு வழுவழுத்த பக்கத்தைச் சீவாமல் ஒரு துண்டில் அப்படியே விட்டிருக்கிறேன். அது மேல்பக்கம் வரவேண்டும் என்று அதில் பென்சிலால் அடையாளம் போட்டுள்ளேன்.