ஃபோல்சமா எல் டொராடோ ஹில்ஸா? வீடு பாக்குறவங்க கரண்ட் கம்பெனியையும் பாருங்க

கலிஃபோர்னியாவுல பே ஏரியாவ (சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம்) விட்டு சாக்ரமெண்டோ பக்கம் போற நம்மாளுங்க ஸ்கூல் ரேட்டிங் பாப்பாங்க, வாசல் கிழக்கான்னு பாப்பாங்க, கரண்ட் யாரு குடுக்குறாங்கன்னு மட்டும் கேக்க மாட்டாங்க. ஃபோல்சம்னா ஸ்மட் (SMUD, ஜனங்களுக்கே சொந்தமான கரண்ட் அமைப்பு), கவுண்டி எல்லைய தாண்டி எல் டொராடோ ஹில்ஸ் போனா பிஜிஇ (PG&E, தனியார் கம்பெனி).

ரேட்டுல ஸ்மட் சராசரியா பிஜிஇல பாதி கூட வராது. யூனிட் ரேட்டு ஏறுற பீக் டைமும் ஸ்மட்ல வார நாள்ல சாயங்காலம் 5 டு 8 தான், பிஜிஇல சாதாரண பிளானுக்கே தினமும் 4 டு 9, ஞாயித்துக்கிழமை கூட விடமாட்டான். சாக்ரமெண்டோ வெயிலுக்கு அந்த நேரத்துல ஏசிய யாரு நிறுத்துவா?

ஸ்மட்டுக்கு ஷேர்ஹோல்டர் கிடையாது, போர்டுல 7 பேரு, எல்லாரும் ஜனங்க ஓட்டு போட்டு வந்தவங்க. 1923லயே ஓட்டெடுத்து ஆரம்பிச்சாச்சு, ஆனா பிஜிஇ கோர்ட்டு கேஸுன்னு இழுத்தடிச்சதுல சப்ளை கைக்கு வந்தது 1946 டிசம்பர் 31. ராஞ்சோ சேகோ அணு உலையவே 1989ல ஓட்டு போட்டு மூடுன ஊருங்க. 2006ல ஆத்துக்கு அந்தப்பக்கம் மேற்கு சாக்ரமெண்டோ, டேவிஸெல்லாம் ஸ்மட்ல சேர பாத்தாங்க, பிஜிஇ கோடிக்கணக்குல செலவு பண்ணி எதிர்த்துச்சு, ஓட்டெடுப்புல நடக்கல.

பிஜிஇ 1905ல ஆரம்பிச்ச தனியார் கம்பெனி. 2018ல பாரடைஸ் ஊரு எரிஞ்சு 85 பேரு செத்தாங்கள்ல, அது பிஜிஇயோட கிட்டத்தட்ட நூறு வருஷ பழைய லைன்ல கம்பிய தாங்குற ஒரு இரும்பு கொக்கி தேஞ்சு தேஞ்சு அறுந்ததால வந்தது, அடுத்த வருஷமே திவால், 2020ல 84 பேரு சாவுக்கு கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிச்சு. இப்ப மரம் வெட்டுறது, கம்பிய மண்ணுக்குள்ள பொதைக்குறதுன்னு எல்லா செலவும் பில்லுல ஏறுது, காத்து பலமா அடிச்சா தீ பிடிச்சிடுமோன்னு முன்கூட்டியே கரண்ட் கட் வேற.

அதுக்காக ஸ்மட்ட தலையில தூக்கி வச்சு ஆடவும் வேணாம். அவங்க சப்ளை பண்றது பெரும்பாலும் சமவெளி, 900 சதுர மைல், பிஜிஇக்கு காடு மலையெல்லாம் சேத்து 70,000. அந்த மலைய ஸ்மட் தலையில கட்டுனா இந்த ரேட்டுல ஓட்டுவாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

இன்னொன்னு, ஸ்மட் கேஸ் விக்கிறதில்ல. ஃபோல்சம்ல வாங்குனாலும் அடுப்பும் ஹீட்டரும் கேஸ்னா பிஜிஇ பில்லு தனியா வரும். என் ஓட்டு ஃபோல்சம், அதுலயும் கேஸ் இல்லாம கரண்ட்லயே ஓடுற ஹீட் பம்ப் ஹீட்டர், இன்டக்‌ஷன் அடுப்புன்னு போட்ட வீடா பாத்து எடுங்க, ஈவி கார் வச்சிருந்தா யோசிக்கவே வேணாம்.