"ரீகால் எல்லாம் முடிஞ்சுதுங்க" என்று சொன்ன செகண்ட் ஹேண்ட் கார் கடை: 64,000 ரூபாய் போச்சு

கோத்தகிரியில் இருக்கும் என் அக்காவுக்குக் கோயம்புத்தூரில் எடுத்த பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் 64,000 ரூபாய் போய்விட்டது. இது வண்டி விலை இல்லை. விலை 3,65,000. அதைக் கொடுத்த பிறகு மேற்கொண்டு போனதுதான் இந்த 64,000. மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கீழே போய்த்தான் பழைய கார் எடுக்கிறோம், அதனால் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதவில்லை. ஏசி ஷோரூம், பாலிஷ் போட்டு வரிசையாக நிற்கும் கார்கள், ஒவ்வொரு கண்ணாடியிலும் "முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்று ஸ்டிக்கர். அந்த மாதிரி கடை.

ரீகால் என்றால், குறை உள்ள பாகத்தை மாற்றித் தர கார் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது. பணம் கொடுக்கும் முன்பே நேராகக் கேட்டோம்: "இந்த மாடலுக்கு ஃப்யூவல் பம்ப் ரீகால் வந்திருக்கே, மாத்தியாச்சா?" விற்பனைப் பையன் கொஞ்சமும் தயங்கவில்லை. ஃபைலைத் திறந்து ஒரு ஜாப் கார்டு (சர்வீஸில் செய்த வேலைகளின் சீட்டு) ஜெராக்ஸை எடுத்து, பம்ப் என்று இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினான். "எல்லாம் கம்பெனியிலயே முடிச்சு வந்த வண்டிங்க. அக்கா தனியா மலை ஏறி இறங்குவாங்கன்னு சொன்னீங்கல்ல, அதனாலதானுங்க இந்த வண்டியையே காட்டுறேன்." இந்த வார்த்தைக்காகத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். அந்த ஜெராக்ஸில் மேல் ஓரம் மடங்கி, சேஸிஸ் நம்பர் (வண்டியின் அடையாள எண்) வரும் வரி மட்டும் விழாமல் இருந்தது. அது வேறொரு வண்டியின் ஜாப் கார்டு என்று பின்னால் தெரிந்தது.

ரீகால் வந்த மாடல் என்றாலே கெட்ட வண்டி என்று அர்த்தம் இல்லை. 2020 ஜூனில் ஹோண்டா 65,651 கார்களையும், ஜூலையில் மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களையும் ஃப்யூவல் பம்புக்காகத் திரும்ப அழைத்தன. 2024 மார்ச்சில் மாருதி அதே இரண்டு மாடல்களில் இன்னும் 16,041 கார்களை அழைத்தது. அறிவித்து, காசு வாங்காமல் மாற்றிக் கொடுப்பது முறையான காரியம். சிக்கல் எங்கே என்றால், ரீகால் தகவல் போவது கம்பெனியிடம் பதிவாகியிருக்கும் முதல் ஓனரின் போனுக்கு. அவர் வண்டியை விற்றிருப்பார், நம்பரை மாற்றியிருப்பார். இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்தவருக்கு ஒரு வரி கூட வராது. ஆனால் அந்த வேலை சேஸிஸ் நம்பரோடு ஒட்டியது, யார் ஓனர் என்பது பொருட்டே இல்லை.

பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் இந்த பம்ப் டேங்குக்குள் மூழ்கி இருக்கும். உள்ளே சுழலும் சின்னச் சக்கரம் (இம்பெல்லர்) பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக் தரம் சரியில்லை என்றால் நாள்பட பெட்ரோலை உறிஞ்சி உப்பி, பம்பின் மூடியில் உரச ஆரம்பிக்கும். முதலில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், பிறகு ஏற்றத்தில் ஜெர்க் அடிக்கும், சூடேறினால் மொத்தமாக நின்றுவிடும். பம்பைக் குளிர வைப்பது டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான். எனவே டேங்க் காலியாக, வெயிலில், முழு லோடில் ஏறும்போது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். சமவெளியில் கடைக்காரர் ஓட்டிக் காட்டிய இரண்டு கிலோமீட்டரில் அது எப்படித் தெரியும்?

கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது இன்ஜின் நின்றது. மலை ரோட்டில் இன்ஜின் நிற்பது வெறும் தொந்தரவு இல்லை, உயிர் ஆபத்து. பவர் ஸ்டீயரிங் செத்து, சக்கரம் இறுகும். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்வது. இன்ஜின் நின்றால் சேமிப்பில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும், முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பூஸ்டரின் உதவியும் சமவெளியைவிடக் குறைவு. பின்னால் பஸ் வரும் ரோட்டில், வண்டி பின்னோக்கி உருளும்போது இத்தனையும் சேர்ந்து நடக்கும். ஹேண்ட்பிரேக் பிடித்ததால் அக்கா தப்பித்தாள். பம்ப் ஆறியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

கடைக்குப் போன் போட்டால், "பெட்ரோல் கம்மியா இருந்திருக்குமுங்க." அடுத்த முறை, "மலைல எல்லா வண்டியும் அப்படித்தானுங்க, மலைக்காரங்க கிளச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டுவீங்க." பிறகு மேனேஜர் லீவு. வாரண்டி கேட்டால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தானாம், பம்ப் "எலக்ட்ரிக்கல்" கணக்காம். கடைசியில் வண்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லி, "புது பம்ப் போட்டாச்சு" என்று 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு.

மறுபடி ஏற்றத்தில் நின்றது. ரெக்கவரி வண்டிக்கு 6,000. இந்தத் தடவை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போனோம். 17 இலக்க சேஸிஸ் நம்பரை அடித்ததும் திரையில் வந்தது: பம்ப் ரீகால், வேலை பாக்கி. பின் சீட்டைத் தூக்கினால் பம்ப் மூடி தெரியும் மாடல் இது (சில மாடல்களில் டேங்கையே இறக்க வேண்டும்). மூடியைச் சுற்றி வருடக்கணக்கான செம்மண் தூசி அப்படியே படிந்திருந்தது. ஸ்க்ரூ தலைகளில் ஒரு கீறல் இல்லை. பழைய கேஸ்கெட் ஒட்டிப்போய் இருந்தது. 9,500 வாங்கியவர்கள் அந்த மூடியைத் தொடவே இல்லை! சர்வீஸ் சென்டரில் புது பம்ப் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த 9,500 முழுக்க முழுக்கத் திருட்டு.

அங்கேயே மீதியும் வெளியே வந்தது. மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டுகிறது. கம்பெனி பதிவில் கடைசி சர்வீஸே 78,000-ல். கிளச் பிளேட் கருகி, பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தது: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் இறக்கும் கூலி சேர்த்து 17,500. முன் டிஸ்க் இரண்டும் வளைவு, பிரேக் ஃப்ளூயிட் டீத்தூள் நிறம்: 12,500. முன் ஷாக் அப்சார்பர் கசிவு, லோயர் ஆர்ம் புஷ் கிழிசல்: 18,500. முன்னால் போன 9,500, ரெக்கவரி 6,000 எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 64,000.

பிரேக் ஃப்ளூயிட் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை ஃப்ளூயிட் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் சூடு அதற்குப் போய்விடும், ஃப்ளூயிட் கொதித்து ஆவிக்குமிழ் வந்து, பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில:

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேஸிஸ் நம்பரை வண்டியில் பொறித்திருக்கும் இடத்திலிருந்தே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அடியுங்கள், இல்லையென்றால் எந்த ஊர் சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள். கிலோமீட்டர் பதிவையும் அங்கேயே விசாரியுங்கள். ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். அதே நேரம் பின் சீட் அடியில் பம்ப் இரண்டு நொடி முனகும், காது கொடுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், படிவம் 29-பி. காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கடை கோவையில் இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நாங்கள் ஊட்டியில்தான் போடுகிறோம். துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, தூசி படிந்த மூடியின் போட்டோ எல்லாம் கையில் இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே நம்பரை அடித்துப் பாருங்கள். பாக்கி என்று வந்தால் அந்த வண்டியை மலையில் எடுக்காதீர்கள், சர்வீஸ் சென்டரிலிருந்து வந்து எடுத்துப் போவார்களா என்று முதலில் கேளுங்கள்.