குழுச் சுற்றுலாவில் குளூட்டன் இல்லாத உணவு: சில ஆண்டுகளின் அனுபவம்

சீலியாக் நோய் (கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள் வழிகாட்டியுடன் செல்லும் வெளிநாட்டுக் குழுச் சுற்றுலாவில் சேரலாமா என்று கேட்டால், தயங்காமல் சேரலாம் என்பதே என் பதில். ஆனால் பயண நிறுவனத்தின் பெயரையோ விடுதியின் நட்சத்திரத் தகுதியையோ வைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. நம்முடைய உணவுத் தேவை யார் மூலமாக, எவ்வளவு முன்னதாகச் சமையலறைக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு பயணமும் நல்லபடியாகவோ மோசமாகவோ அமைந்தது.

முன்பதிவுப் படிவத்தில் உணவுத் தேவைக்கென்று ஓர் இடம் இருக்கும். அங்கே நாம் எழுதுவது நிறுவன அலுவலகத்திலிருந்து, அந்தந்த நாட்டில் விடுதியும் உணவகமும் ஏற்பாடு செய்யும் முகவருக்குப் போய், அவரிடமிருந்து உணவகத்துக்குப் போகிறது. இப்படிக் கைமாறும்போதெல்லாம் செய்தி சுருங்கிக்கொண்டே போகும். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றும் கூடாது, அவை சேர்ந்த பண்டங்களைப் பொரித்த அதே எண்ணெயில் பொரித்ததும் கூடாது என்று நாம் விரிவாக எழுதியது, கடைசியில் 'ஒருவருக்கு ரொட்டி வேண்டாம்' என்ற அளவில் சமையல்காரரின் காதுக்கு எட்டும். இது குடலின் உட்சுவரைப் பாதிக்கும் நோய் என்பதும், வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதைத் தவிர இதற்கு வேறு சிகிச்சை இல்லை என்பதும் அந்தச் சங்கிலியில் எங்கோ உதிர்ந்துபோய்விடுகின்றன. அதனால் படிவத்தை மட்டும் நம்பாமல், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே குழுவை அழைத்துச் செல்லும் சுற்றுலா மேலாளருக்கு நேரடியாக எழுதி, எந்தெந்த உணவகங்களில் குழுவுக்கு உணவு ஏற்பாடாகியிருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல மேலாளர் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. முதல் நாள் மாலையே அடுத்த நாள் உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறவர் யார் என்பது ஓரிரு நாட்களில் தெரிந்துவிடும். ஒருமுறை இரவு உணவின்போது, எல்லோருக்கும் வைத்த அதே சாலட்டை, மேலே தூவியிருந்த வறுத்த ரொட்டித் துண்டுகளை மட்டும் பொறுக்கிவிட்டு எனக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். கீரை இலையைப் புரட்டியபோது அடியில் துகள்கள் ஒட்டியிருந்தன. எங்கள் மேலாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். புதிய தட்டில், புதிதாக நறுக்கிய காய்களோடு திரும்பி வரும்வரை அங்கேயே நின்றார். மற்றவர்கள் இனிப்பை முடிக்கும் நேரத்தில்தான் என்னுடைய மீன் வந்தது என்றாலும், அந்தப் பயணம் முழுவதும் நான் அச்சமின்றிச் சாப்பிட்டதற்கு அவரே காரணம்.

நாட்டுக்கு நாடு நிலைமை மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், உணவகங்களும் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்பது சட்டம். குளூட்டன் உள்ள தானியங்களும் அவற்றில் அடக்கம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று உறையில் அச்சிடவும் முடியாது. இத்தாலியில் சீலியாக் சங்கமே உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பட்டியலிடுவதால், பாஸ்தாவின் நாடு என்று அஞ்ச வேண்டியதில்லை. ஜப்பானில்தான் கூடுதல் கவனம் தேவை. அங்கே பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை உண்டு. சாஸ் சேராத பதார்த்தத்தைக் குழு உணவில் தேடிப் பிடிக்க வேண்டும். பொட்டல உணவில் கோதுமையைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்ற விதி இருந்தாலும், பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உணவோடு இயல்பாகக் கொண்டுவந்து வைக்கும் குளிர்ந்த தேநீர்கூட வறுத்த பார்லியில் தயாரித்ததாக இருக்கலாம்.

விடுதியின் காலை பஃபேக்குக் கதவு திறந்தவுடன் போய்விடுவது நல்லது. நேரம் ஆக ஆக, ரொட்டிக்குப் பக்கத்திலிருக்கும் வெண்ணெயிலும் ஜாமிலும் துகள்கள் விழுந்துவிடும். ஒரே கரண்டி நான்கு பாத்திரங்களுக்குள் போய்வரும். வேகவைத்த முட்டை, தோலுரிக்காத பழம், மூடி திறக்காத தயிர்க் கிண்ணம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். குளூட்டன் இல்லாத ரொட்டியை விடுதி தனியாக வாங்கி வைத்திருந்தாலும், பொதுவான டோஸ்டரில் போட்டால் பயன் இல்லை. பேருந்தில் கட்டிக்கொடுக்கும் மதிய உணவுப் பெட்டி எனக்கு ஏறக்குறைய எப்போதும் ஏமாற்றமே. ஒரு வாழைப்பழமும் ஒரு தண்ணீர் புட்டியும் மட்டும் கிடைத்த நாட்கள் உண்டு. நீண்ட சாலைப் பயணம் உள்ள நாட்களுக்காக அரிசி அவலும் கொட்டைப் பருப்புகளும் பையில் வைத்திருப்பேன். விமானத்தில் குளூட்டன் இல்லாத உணவு வேண்டுமென்றால், குழுவாகப் பயணச்சீட்டு எடுத்த முகவர் மூலமே முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். விமானம் மாறினால் அந்தக் கோரிக்கையும் உடன் வந்திருக்கிறதா என்று மறுபடி கேட்டுவிட வேண்டும்.

இப்போது சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கும்போது, கட்டணத்தில் எல்லா வேளை உணவும் அடங்கியிருப்பதை நான் சலுகையாகக் கருதுவதில்லை. காலை உணவும் சில இரவு உணவும் மட்டும் சேர்ந்து, மற்ற வேளைகளை நம்மிடமே விட்டுவிடும் திட்டங்கள் எனக்கு மிகவும் ஏற்றவையாக இருந்திருக்கின்றன. அந்த வேளைகளில் நானே விசாரித்து வைத்த உணவகத்துக்குப் போய், சமைப்பவரிடம் நேரில் பேசிவிட்டு உட்கார முடிகிறது. ஒரே விடுதியில் மூன்று நான்கு இரவுகள் தங்கும் பயணங்களும் அப்படியே, ஏனென்றால் இரண்டாம் நாளிலிருந்து சமையலறைக்கு நம்மைத் தெரிந்துவிடுகிறது. சாப்பிட முடியாத வேளைகளுக்கான பணத்தைக் கழித்துத் தர இதுவரை எந்த நிறுவனமும் எனக்கு முன்வந்ததில்லை. முன்பதிவுக்கு முன்னரே எழுத்தில் கேட்டபோது மட்டும் ஒரு நிறுவனம், குழு உணவுக்குப் பதிலாக வேறிடத்தில் சாப்பிட்டு ரசீதைக் கொடுத்தால் அந்தத் தொகையைத் தந்துவிடுவதாக ஒப்புக்கொண்டது. சொன்னபடி தரவும் செய்தது.