கிராஃபோகேம் வாசிப்புச் செயலி: பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்தால் பலன் உண்டு

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள குழந்தைகளில் பலருக்கு, கேட்ட சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பதும் அந்த வரிசையை நினைவில் வைப்பதும் கடினம். தாய்மொழியில் சொற்கள் ஏற்கெனவே பழகியவை என்பதால் ஓரளவு சமாளித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பிடிமானம் இல்லை. போதாததற்கு, பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'தான். ஒரே பகரத்தில் அடங்கிய இரண்டு ஒலிகளை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளாகப் பிரித்தறிய வேண்டும்.

பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் பிறந்த கிராஃபோகேம் செயலி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. குழந்தை ஒலியைக் கேட்டு, திரையில் உள்ள எழுத்துகளில் பொருத்தமானதைத் தொட வேண்டும். ஒலிக்கு ஒரு எழுத்து என்று சீராக அமைந்த ஃபின்னிஷ் மொழிக்கு இந்த முறை கச்சிதம். ஆங்கிலம் அப்படியல்ல. அதனால் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களோடு உருவான ஆங்கிலப் பதிப்பு லைட், நைட், ரைட் என ஈற்றொலி ஒத்த சொற்களைக் குடும்பமாகச் சேர்த்துத் தருகிறது. எங்கள் பார்வையில் இதன் மிகப் பெரிய பலம் இதுதான்.

ஆனால் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பயனில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வில், சொல் வாசிப்பில் ஒட்டுமொத்தமாக முன்னேற்றம் தென்படவில்லை. பெரியவர்கள் கூடவே ஈடுபட்ட இடங்களில் மட்டும் பலன் தெரிந்தது. காரணம் எளிது. செயலியில் குழந்தை தேர்ந்தெடுக்கிறதே தவிர, வாய்விட்டுச் சொல்வதில்லை, கையால் எழுதுவதுமில்லை. குத்துமதிப்பாகத் தொட்டே சில கட்டங்களைத் தாண்டிவிடலாம்.

தினமும் 10 முதல் 15 நிமிடம் போதும். ஹெட்போன் கட்டாயம், அறை இரைச்சலில் எஃப், எஸ் போன்ற மெல்லிய ஒலிகள் அமுங்கிவிடும். தொடுவதற்கு முன் ஒலியைச் சொல்லச் செய்யுங்கள். சொல்லிக்கொடுக்கும்போது 'ப' என்னாமல் 'ப்' என்று நிறுத்துங்கள். கூடவே அகரம் ஒட்டிக்கொண்டால் 'ப-இ-க' என்றாகி, சேர்த்துப் படிக்க வராது. புள்ளி வைத்த மெய்யெழுத்து தெரிந்த குழந்தைக்கு இது சீக்கிரம் பிடிபடும். முடிந்ததும் அன்று வந்த 3 சொற்களை எடுங்கள். ஒலிக்கு ஒரு கட்டம் வரைந்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே கட்டத்துக்கு ஒரு காசு நகர்த்தி, பிறகு அங்கேயே எழுத்தை எழுதட்டும்.

சொல்லின் பொருளையும் நீங்கள்தான் தர வேண்டும். இரண்டாம் மொழியில் சரியாகப் படித்த சொல்கூடக் குழந்தைக்கு வெறும் ஓசையாக நிற்கலாம். படமோ பொருளோ காட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.