ஓதம் எங்கிருந்து வருகிறது என்று காட்டாதவரை தரையை உடைக்க விடாதீர்கள்

புதிதாக வீடு வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். எங்கள் குளியலறைத் தரையை ஒருவர் தேவையே இல்லாமல் உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கொடுத்த பணமும் போனது, கோளாறும் அப்படியே இருந்தது, புதிதாக இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது.

நாங்கள் வாங்கியது பழைய வீடு. குடிவந்த இரண்டாவது மாதம் படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஓதம் தெரிந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. முதலில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. பிறகு பெயின்ட் உப்பி, உதிர்ந்து, பூச்சில் வெள்ளையாக உப்புப் பூக்க ஆரம்பித்தது. வாடகைக்கு இருந்தவரை வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. இப்போது யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர், "எங்க வீட்ல இப்பதான் பாத்ரூம் வேலை பார்த்தார், நல்லா பண்ணினார்" என்று ஒரு நம்பர் கொடுத்தார். அந்த "இப்பதான்" என்ற சொல்லை நான் பிடித்திருக்க வேண்டும். அவர் வீட்டில் வேலை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஓத வேலை நின்றதா இல்லையா என்பது இரண்டு வாரத்தில் தெரியாது. வேலை முடிந்து ஒரு வருஷமாவது ஆனவரிடம்தான் நம்பர் கேட்க வேண்டும்.

வந்தவர் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். குளியலறையை எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. "தரை டைல்ஸ் ஜாயின்ட் எல்லாம் போயிடுச்சு அண்ணே. மொத்தமா எடுத்துட்டு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணாத்தான் நிக்கும். பத்து வருஷம் கேரண்டி" என்றார்.

நான் ஒரு விஷயம் சொன்னேன். முந்தின வாரம் ஐந்து நாள் வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் சுவர் காயவே இல்லை, ஈரம் இன்னும் ஒரு சாண் பரவியிருந்தது. "யாருமே குளிக்கலையே, அப்புறம் எப்படி?" என்று கேட்டேன். "உள்ள தேங்கின தண்ணி அண்ணே, அது வந்துட்டேதான் இருக்கும்" என்றார். நம்பிவிட்டேன்.

உண்மையில் பதில் அந்த ஐந்து நாளில்தான் இருந்தது. குளித்தால் மட்டும் ஈரம் கூடுகிறது, குளிக்காமல் விட்டால் மெல்லக் குறைகிறது என்றால் தரையிலோ கழிவுநீர்ப் பக்கமோ கோளாறு. யாரும் புழங்காதபோதும் ஈரம் பரவிக்கொண்டே போகிறது என்றால், சுவருக்குள் எப்போதும் தண்ணீர் நிறைந்து அழுத்தத்தோடு நிற்கிற குழாயில் கசிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தொழில் தெரிந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சுத்தியலை எடுக்க மாட்டார்கள்.

பொருள் வாங்க வேண்டும் என்று முக்கால்வாசிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை. மூன்று நாள் உடைத்தார்கள். நான்காம் நாள் காலை பூச வேண்டிய கெமிக்கல் வந்தது. டப்பாவின் சீல் ஏற்கெனவே உடைந்திருந்தது, உள்ளே பாதிதான் இருந்தது. அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார்கள். தரையில் அடித்தபோது சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது, பிரஷ் போன இடமெல்லாம் அடியில் சிமென்ட் தெரிந்தது. டப்பாவின் மேலேயே 2 கோட் அடிக்கச் சொல்லிப் போட்டிருந்தது. முதல் கோட் காய்ந்த பிறகு, குறுக்குவாட்டில் இரண்டாவது. இவர்கள் அடித்தது ஒன்றே ஒன்று. சுவரும் தரையும் சேரும் மூலையை உருட்டிப் பூசவில்லை. சுவரில் ஏற்றி அடிக்கவில்லை. தண்ணீர் இறங்கும் வாயைச் சுற்றி எதுவுமே செய்யவில்லை. ஒழுகுவது பெரும்பாலும் இந்த மூலையிலும் வாயைச் சுற்றியும்தான்.

அன்று மாலையே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் போகும் வாயை அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் நிறுத்திப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். ஒழுகினால் அப்போதே தெரிந்துவிடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால் மறுபடி உடைக்க வேண்டியதுதான். இந்த ஒரு சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

படுக்கையறைச் சுவரைச் சுரண்டி, ஈரத்தின் மேலேயே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தார்கள். பளிச்சென்று இருந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். சரியாக 23-வது நாள் அதே இடத்தில் பெயின்ட் கொப்புளம் போட்டது. விரலால் அழுத்தினேன், பட்டி ஈரமாவு மாதிரி பெயர்ந்து வந்தது. போன் செய்தேன். முதலில் "நாளைக்கு வரேன்" என்றார். பிறகு போனை எடுக்கவே இல்லை. கேரண்டி என்று அவர் கொடுத்திருந்தது ஒரு விசிட்டிங் கார்டு மட்டும்தான்.

இரண்டாவதாகக் கிடைத்தவர் வயதான பிளம்பர். போனிலேயே பத்துக் கேள்வி கேட்டார். பிறகு, "தம்பி, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மேல்தொட்டிக்குத் தண்ணி ஏறுற வால்வை மூடிடுங்க. ஃபிளஷ் டேங்க் வால்வையும் மூடுங்க, அது ஒழுகினா கணக்கு தப்பாயிடும். தொட்டியில தண்ணி நிக்கிற இடத்துல ஒரு கோடு போட்டுட்டுக் காலையில பாருங்க. அதுவரைக்கும் யாரும் தண்ணி புழங்க வேண்டாம்" என்றார். காலையில் பார்த்தேன், தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. (தொட்டி இல்லாமல் நேரடி இணைப்பு இருப்பவர்கள் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்கலாம். ஓடினால் எங்கோ கசிகிறது.)

நேரில் வந்தவர் சுவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஓதம் மார்பு உயரத்துல ஆரம்பிச்சுக் கீழே இறங்குது. தரையை ஏன் உடைச்சாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குழாய்களைக் கழற்றி வாய்களை அடைத்து, கைப்பம்பும் பிரஷர் மீட்டரும் மாட்டி அழுத்தம் ஏற்றினார். பச்சைத் தண்ணீர் லைனில் முள் அசையவில்லை. வெந்நீர் லைனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே வந்தது. ஷவர் மிக்சருக்குப் பின்னால் ஒரே ஒரு டைலை மட்டும் எடுத்தார். உள்ளே, குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் பிளாஸ்டிக் எல்போவில் மயிரிழை அளவு விரிசல். உலோகக் குழாயை அதில் அளவுக்கு மீறி முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போ போட்டிருக்க வேண்டும் என்றார், அதையே போட்டார். மறுபடி அழுத்தம் ஏற்றி, முள் நிற்பதை என்னைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் சுவரை மூடினார். வேலை அரை நாளில் முடிந்தது.

முதலில் வந்தவர் செய்த தரையில் வாட்டமும் சரியில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருக்க வேண்டும். எங்கள் தரையிலோ தண்ணீர் வாய்க்கு எதிர்மூலையில் போய் நிற்கிறது. டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் போடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்திருந்தால் அன்றே திருத்தச் சொல்லியிருக்கலாம். இப்போது குளித்து முடிக்கும் ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. என் அம்மா ஒருநாள் அந்த ஈரத்தில் வழுக்கப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் அடங்காதது இதனால்தான்.

நீங்கள் யாரை வைத்து வேலை செய்தாலும் என்ன பொருள், எத்தனை கோட், எவ்வளவு பரப்பு, எத்தனை நாள், உடைத்த கழிவை யார் அள்ளுவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் உள்ளே ஓடும் குழாய்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள், ஒரு பங்கைத் தண்ணீர் கட்டிப் பார்க்கும் வரை கையிலேயே வையுங்கள். சண்டை போட்டு வாங்குவதைவிட அது சுலபம்.

சுவருக்கு இப்போதைக்குப் பட்டியும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம் என்று பிளம்பர் சொல்லிவிட்டார். ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார். மூன்று வாரமாகப் பார்த்து வருகிறேன். நேற்று ஈரம் அந்தக் கோட்டை விட்டு நான்கு விரல் உள்ளே போயிருந்தது.