எலிமெண்ட் செட் வாங்கின கதை: லித்தியம் கறுத்துப் போச்சு, ஆனா காசு வீண் இல்ல

பையன் இந்த வருஷம் கிரேட் 10. ஃபிசிக்கல் சயின்ஸ்ல முதல் டேர்ம்லயே பீரியாடிக் டேபிள், அதாவது தனிமங்களோட அட்டவணை வந்துருச்சு, குரூப் 1-ல (குரூப்னா டேபிள்ல ஒரு நெட்டு வரிசை) கீழ போகப் போக ரியாக்டிவிட்டி, அதாவது மத்ததோட சேர்ற துடிப்பு கூடும் குரூப் 17-ல கீழ போகப் போக குறையும்னு கந்த சஷ்டி கவசம் மாதிரி ஒப்பிக்கிறான், ஏன்டா அப்படின்னு கேட்டா முழிக்கிறான். சரி கண்ணால பாத்தா புரியும்னு நாங்க இருக்கிற ஜோபர்க்ல (தென்னாப்பிரிக்கா ஜோகன்னஸ்பர்க்) ஸ்கூலுக்கெல்லாம் லேப் சாமான் குடுக்கிற கடை ஒண்ணுல எலிமெண்ட் சாம்பிள் செட் வாங்கினேன். 3,800 ரேண்ட். வீட்டுக்காரி ரெண்டு நாள் பேசல. கூரியர்ல அனுப்ப மாட்டாங்களாம், நேர்ல போய் கையெழுத்து போட்டுத்தான் வாங்கணும், தண்ணி பட்டா தீப்பிடிக்கக் கூடிய சோடியம் இருக்கிற பெட்டிக்கு அது நியாயம்தான்.

மரப்பெட்டி, உள்ள மூணு வரிசை. முதல் வரிசை குரூப் 1. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூணும் சின்ன மூடி போட்ட பாட்டில்ல எண்ணெய்க்குள்ள, ருபீடியம் கிடையாது, சீசியம் மட்டும் எண்ணெய் கூட இல்லாம காத்தே புகாம உருக்கி மூடின கண்ணாடிக் குப்பியில. இதப் பாத்த உடனே எனக்குத் தோணுனது, பாடமே இந்த பேக்கிங்லதான் இருக்கு. எவன எவ்வளவு கட்டி வச்சிருக்கானோ அவன் அவ்வளவு முரடன். பையன்கிட்ட சொன்னேன், அவனுக்கும் அது பிடிச்சுப் போச்சு.

சீசியம்தான் செட்டோட ஹீரோ. லேசா தங்க நிறம், 28.5 டிகிரியிலேயே உருகும். பிப்ரவரி மத்தியானம், இங்க அப்போ கோடை, குப்பிய பையன் உள்ளங்கையில மூடி வச்சிட்டு இருந்தான், கொஞ்ச நேரத்துல உள்ள இருந்த கட்டி ஓரம் இளகி அப்படியே பாதரசம் மாதிரி வழிஞ்சு ஓடுச்சு. "அப்பா இங்க பாருங்க!"ன்னு கத்தின கத்துல பக்கத்து யூனிட் நாய் குரைக்க ஆரம்பிச்சிருச்சு. லித்தியம் உருக 180 டிகிரி வேணும், சோடியத்துக்கு 98, பொட்டாசியத்துக்கு 63 சொச்சம், அப்படியே இறங்கிட்டே வருது. அணுவோட வெளி ஓரத்துல இருக்கிற கடைசி எலக்ட்ரான் நடுவுல இருக்கிற கருவ விட்டு தள்ளிப் போகப் போக பிடி தளருது, அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு எலக்ட்ரான பிடுங்க லித்தியத்துக்கு மோலுக்கு (அணுக்கள எண்ற ஒரு அளவு) 520 கிலோஜூல், சீசியத்துக்கு 376 போதும். இங்க லெனேஷியா பகுதி கோயில் காவடிக் கூட்டத்துல அப்பா கையப் பிடிச்ச பிள்ளைக்கும் சங்கிலி மாதிரி கை கோத்து கடைசியா வர்ற வாண்டுக்கும் உள்ள வித்தியாசம்னு சொன்னேன், யாரு முதல்ல தொலைவான்னு அவனே சொல்லிட்டான்.

இப்போ குறை. லித்தியம் எண்ணெயவிட லேசு, அதனால மிதக்குது, மிதக்கிற பக்கம் மேல இருக்கிற காத்துல படுது. குரூப் 1-ல சாதாரண சூட்டுலயே காத்துல இருக்கிற நைட்ரஜனோட சேர்ற ஒரே ஆள் இவன்தான், வாங்கி மூணு வாரத்துல மேல் பக்கம் கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. சோடியம் பக்கத்துல அமைதியா அடியில கிடக்கு. லித்தியத்தையும் எதோடயும் சேராத ஆர்கான் வாயு போட்டு சீல் பண்ணியிருக்கணும். கடையில சொன்னேன், பாத்துட்டு சொல்றோம்னாங்க, பாத்துட்டே இருக்காங்க.

அதவிட பெரிய குறை கூட வந்த புக்லெட். பெரியவங்க மேற்பார்வையில துண்டு வெட்டி தண்ணியில போடலாம்னு ஜாலியா எழுதியிருக்கான். தயவுசெஞ்சு வீட்ல இது வேணாம். பொட்டாசியம் பழசானா மேல மஞ்சளா ஒரு படிவு வரும், அது ஆக்சிஜனோட சேர்ந்து உண்டாகிற சூப்பராக்சைடு, அதுல கத்தி வச்சா வெடிக்கலாம். இத ஒரு வரி எழுத இடம் இல்லையாம், ஆனா ஃப்ரான்சியம்தான் எல்லாத்தவிட ரியாக்டிவ்னு கலர் பெட்டி போட்டு எழுத இடம் இருக்கு. அதுவும் தப்பு மாதிரிதான், ஃப்ரான்சியத்தோட எலக்ட்ரான் பிடி சீசியத்தவிட கொஞ்சம் இறுக்கம், 393 கிலோஜூல். அது கதிரியக்கத் தனிமம், அதுல ரொம்ப நேரம் தாங்கற ஐசோடோப்பே (எடை மட்டும் வேற வேற இருக்கிற வகைகள்ல ஒண்ணு) 22 நிமிஷத்துல பாதியாயிடும், அத யாரு தண்ணியில போட்டுப் பாத்தா?

ரெண்டாவது வரிசை ஹாலோஜன், அதாவது அந்த குரூப் 17. ஃப்ளூரின் இடத்துல வெறும் போட்டோ, நல்லது, கண்ணாடியோடயே மல்லுக்கட்டக் கூடிய ஆள். குளோரின் வெள்ளப் பேப்பர் மேல வச்சாத்தான் லேசா பச்ச தெரியுது. புரோமின் ரத்தக் கலர்ல திரவம், அயோடின் சாம்பல் படிகம், வெயில்ல வச்சா ஊதாப் புகை. வாயு, திரவம், திடம்னு ஒரே வரிசையில பாக்கறது அழகு. இங்க கணக்கு தலைகீழ், இவங்க எலக்ட்ரான பிடுங்கற கூட்டம், உருவம் சின்னதா இருந்தாத்தான் இழுப்பு ஜாஸ்தி. குளோரின பையனுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்ல, காம்ப்ளெக்ஸ் ஸ்விம்மிங் பூல்ல தினம் மோந்து பாக்கிறான். அந்த பூல் குளோரினையும் பூல் ஆசிடையும் ஒண்ணா கலந்தா இதே பச்ச வாயுதான் வரும்னு சொல்லி வச்சேன், ஷெட்ல ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கு.

மூணாவது நோபிள் கேஸ், அதாவது லேசுல எதோடயும் சேராத வாயுக்களோட ட்யூப்கள். கரண்ட் குடுத்தா நியான் ஆரஞ்சு சிவப்பு, ஆர்கான் ஊதா, சூப்பர். கிரிப்டான் எரியல, அத மட்டும் மறுநாளே மாத்திக் குடுத்தாங்க, அதுக்கு நன்றி.

ஓரத்துல இலவசமா ஒரு துணுக்கு தங்கத் தகடும் முடி மாதிரி பிளாட்டினம் கம்பியும். இங்க இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப பொருத்தம். 1886-ல தங்கம் கிடைச்சுத்தான் இந்த ஊரே வந்துச்சு, பிளாட்டினம் ரஸ்டன்பர்க் பக்கம் இன்னிக்கும் வெட்டறாங்க. தங்கம் யாரோடயும் சேராத ஆளு, அதான் பாறைக்குள்ள தங்கமாவே கிடக்கு, சோடியம் அப்படி எங்கயாவது கிடச்சு கேள்விப்பட்டிருக்கீங்களா? உப்பாத்தான் கிடைக்கும்.

டெஸ்ட்ல பையன் என்ன வாங்கினான்னு கேக்காதீங்க, இன்னும் பேப்பர் குடுக்கல. செட்டுக்கு 5-க்கு 3.5. லித்தியத்த மாத்திக் குடுத்தா 4 ஆக்கிடறேன், புக்லெட்டுக்கு மட்டும் முட்டை.